பேரீச்சங்கொட்டைக் காபி குடித்தால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 56. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நோன்பு மாதத்தில் சேர்ந்த பேரீச்சங்கொட்டைகளை வறுத்து அரைத்துக் காபி போட்டுக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் என் மனைவியும் குடிக்கலாமா?
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அதற்காகக் கொட்டையைக் குப்பை என்று ஒதுக்கவும் மாட்டேன். அரபு நாடுகளில் இதை வறுத்துக் காபி போலக் குடிக்கும் வழக்கம் உண்டு. இதில் காஃபீன் கிடையாது. கொட்டையின் எடையில் பெரும்பகுதி நார்ச்சத்து. ஓரளவு எண்ணெயும் இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் உள்ள ஒலியிக் அமிலமே அதிலும் முதன்மையானது. தேயிலையில் இருக்கும் கேட்டசின், எபிகேட்டசின் போன்ற பாலிஃபீனால்கள் எனும் தாவர வேதிப்பொருள்களும், அவற்றின் சங்கிலிகளான புரோசயனிடின்களும் தாராளமாக உள்ளன. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிகளின் வேகத்தை இவை ஆய்வுக்கூடத்தில் குறைக்கின்றன. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொட்டைச் சாறு கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஆனால் மாத்திரைக்கு மாற்றாகும் அளவுக்கு மனிதர்களிடம் சான்று இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காபி என்றதும் நம் ஊரில் கை ஃபில்டரைத்தான் தேடும். டிகாஷன் இறங்கியபின் மேல் பாத்திரத்தில் ஈரமாகத் தங்கும் கசடைப் பாருங்கள். உங்களுக்கு உதவக்கூடிய நார்ச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் நின்றுவிடுகிறது. பிறகு கசப்புக்கு இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரை போட்டால் கணக்கு நேர்மாறாகிவிடும். கொட்டை சேர்க்க வேண்டும் என்று பழத்தைக் கூடுதலாகத் தின்றுவிட்டு வருபவர்களும் உண்டு. காய்ந்த பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

ஆசைக்குக் குடிப்பதென்றால் நன்றாகக் கழுவி, கொட்டையின் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்து, வெயிலில் காயவையுங்கள். அந்தப் பள்ளத்தில்தான் சென்னையின் ஈரக்காற்றுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்ததை வறுத்தும் பயன்படுத்தாதீர்கள். உரலில் இடித்து உடைத்தபிறகு மிக்ஸியில் போடுங்கள். முழுசாகப் போட்டால் பிளேடுதான் போகும். நாளைக்கு ஒரு தேக்கரண்டித் தூள் போதும். அதைக் கோதுமை மாவில் கலந்து சப்பாத்தியாகச் சாப்பிட்டால் நாராவது உள்ளே போகும். தண்ணீரும் நிறையக் குடியுங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான்.

ஏழு ஆண்டுச் சர்க்கரை என்பதால், தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்கள். கொட்டையில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகப் பாதிப்பால் அதைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது வேண்டாம்.

உங்கள் மனைவி விஷயத்தில் நான் கூடுதல் கண்டிப்பு. இதே பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இந்தக் காபி கூடாது. வழக்கமான டீ, காபிக்கும் அதே இடைவெளி வேண்டும்.