ரத்த ரிப்போர்ட்டிலேயே கல்லீரல் தழும்பு தெரியுமா?

கே: அண்ணனுக்கு 46 வயது. களக்காட்டில் வாழைத்தார் லோடு ஏற்றும் வேலை. ஹெபடைட்டிஸ் பி பல வருடமாக உண்டு. காய்ச்சல் விட்ட வாரத்தில் எடுத்த டெஸ்டில் எஸ்.ஜி.ஓ.டி. 68, எஸ்.ஜி.பி.டி. 81, பிளேட்லெட் 1.40 லட்சம். ஸ்கேனுக்குக் கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணுமில்லட்டி" என்கிறார். இந்த எண்களை வைத்தே கல்லீரல் சுருக்கத்தைச் சொல்ல முடியாதா?
- வாசகி, களக்காடு

ப: ஓரளவு முடியும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதிகள். எஸ்.ஜி.ஓ.டி.யை, லேப் நார்மல் என்று சொல்லும் உச்ச அளவால் (பெரும்பாலும் 40) வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிளேட்லெட்டால் வகுத்தால் வருவது 'ஏப்ரி'. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில், அதாவது 140 என்று போட வேண்டும், 1.40 என்றே போட்டுவிட்டு 121 வருகிறதே என்று பதறுபவர்கள் உண்டு! அண்ணனுக்கு 1.21. ஹெபடைட்டிஸ் பி உள்ள பெரியவர்களுக்கு 0.5-ஐத் தாண்டினால் கணிசமான தழும்பு, 1-ஐத் தாண்டினால் தழும்பு முற்றிய சுருக்கம் (சிரோசிஸ்) என்று சந்தேகிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி.

இன்னொன்று 'ஃபிப்-4'. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்குங்கள். எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தை (81-க்கு 9) பிளேட்லெட்டோடு பெருக்கி, அதால் வகுங்கள். 2.48 வரும். 1.45-க்குக் கீழே பயம் குறைவு, 3.25-க்கு மேலே முற்றிய தழும்பு. அண்ணன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

தழும்பேறிய கல்லீரலுக்குள் ரத்தம் எளிதில் நுழையாது. அழுத்தம் ஏறி மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் டெங்கு போன்ற காய்ச்சலும் பிளேட்லெட்டை இறக்கும். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு, தார் சுமந்த உடம்பில் கூடுதலாகக் காட்டலாம். அதனால் காய்ச்சல் விட்டு ஒரு மாதம் கழித்து, ஒரு வாரம் லோடு தூக்காமல், மதுவும் தொடாமல் மறுபடி எடுங்கள். பிளேட்லெட் 2.10 லட்சத்துக்கு ஏறினாலும், எஸ்.ஜி.ஓ.டி. அப்படியே இருந்தால் ஏப்ரி 0.81. அப்போதும் 0.5-க்கு மேல்தான்; ஹெபடைட்டிஸ் பி-க்கான மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் ஊசி கிடையாது. அதற்கு முன் 3 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் விறைப்பு கூடுதலாகக் காட்டும். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் மருந்து இலவசம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

கே: எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்றால் தழும்பு இல்லைதானே?
- வாசகர், அம்பாசமுத்திரம்

ப: அப்படிச் சொல்லிவிட முடியாது. சுருங்கிய கல்லீரலிலும் அது நார்மலாக இருக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பிளேட்லெட்டை மட்டும் வரிசையாகப் பாருங்கள். வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தால், எஸ்.ஜி.பி.டி. என்ன சொன்னாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.