போரிங் செய்த எஞ்சினுக்கு எந்த ஆயில்?

கேள்வி: ஆலங்குளம் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனம். தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் எஞ்சின் (ஃபோர் ஸ்ட்ரோக்) புகை தள்ளியதால், போரிங் செய்து (தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து) புது பிஸ்டனும் ரிங்கும் போட்டிருக்கிறோம். கடைக்கார அண்ணாச்சி ஃபுல் சிந்தெடிக் ஆயில்தான் நல்லது என்கிறார். மெக்கானிக்கோ சாதா ஆயில் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்க?

பதில்: இப்போதைக்கு மெக்கானிக் பேச்சை.

போரிங் முடிந்ததும் ஹோனிங் போட்டிருப்பார்கள். சிலிண்டரின் உள்சுவரில் குறுக்கும் மறுக்குமாகப் பொடிக் கீறல்கள் தெரியுமே, அதுதான். முதல் சில மணி நேர ஓட்டத்தில் புது ரிங் அந்தக் கீறல்களின் மேட்டைத் தேய்த்துத்தான் சுவரோடு பொருந்தி உட்காருகிறது. ஆயில் ரொம்ப வழுக்கினால் இந்தத் தேய்மானம் தள்ளிப்போகலாம். ரிங் சரியாக உட்காராவிட்டால் ஆயில் மேலே ஏறி எரியும். மறுபடியும் அதே நீலப் புகை. கம்பெனியிலிருந்தே சிந்தெடிக் ஆயிலோடு வரும் எஞ்சின்களும் உண்டு. ஆனால் அங்கே சிலிண்டரைத் தீட்டும் நுணுக்கம் வேறு. லேத்துப் பட்டறை வேலைக்கு சாதா ஆயில், அதாவது மினரல் ஆயில்தான் பத்திரம்.

நம்ம ஊர் வெயிலுக்கு எஸ்ஏஇ 30 அல்லது 20டபிள்யூ-40 கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) பொருந்தும். இருந்தாலும் எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடுதான் முதல்.

விலை கூடின ஆயிலை ஒரு தடவை ஊற்றுகிற காசில் சாதா ஆயிலை இரண்டு தடவை மாற்றுங்கள். இந்த அளவு எஞ்சின் பலவற்றுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். 5 மணி நேரம் ஓடியதும் சூடு ஆறுமுன் வடித்துவிடுங்கள். மினுமினுவென்று இரும்புப் பொடி தெரிந்தால் பயப்பட வேண்டாம்; துண்டு துண்டாக வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அடுத்து 20 மணி நேரத்தில் ஒரு தடவை, அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சிந்தெடிக் ஆசை இருந்தால் 20 மணி நேரத்துக்குப் பிறகு ஊற்றுங்கள், தாராளமாக.

ஆயிலைவிட முக்கியமான ஒன்று, எஞ்சினை நாள் பூரா ஐட்லிங்கில் ஓடவிடாதீர்கள். 'மெதுவா ஓடட்டும், பதமாயிரும்' என்று பலரும் செய்வது இதைத்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறினால்தான் ரிங் சுவரோடு ஒட்டும். வெறுமனே ஓடினால் சுவர் பளபளவென்று மெருகேறிவிடும். பம்பில் தண்ணீர் நிரப்பி, நிஜமாகவே இறைக்க விடுங்கள். ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள், முழுசாகத் திருக வேண்டாம்.

டிரம்மிலிருந்து அளந்து தரும் ஆயில் வேண்டாம். சீல் உடையாத டப்பாவா, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். போரிங் செய்த பட்டறை பில்லையும் பத்திரமாக வையுங்கள். 20 மணி நேரம் தாண்டியும் புகை நிற்காவிட்டால் அந்தப் பில்லோடு பட்டறைக்குத்தான் போக வேண்டும், ஆயில் கடைக்கு அல்ல.