சும்மா இருக்கத் தெரியாத நாய்

அன்புள்ள அம்மா,

உங்கள் எழுத்தில் அவ்வப்போது நாய்கள் வந்துபோகும். அந்தத் துணிச்சலில் இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்கிறேன். 9 மாதமான ராஜபாளையம் நாய் ஒன்றை வளர்க்கிறேன். ஆண், பெயர் வேலு, எடை 26 கிலோ. கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது தளம். காலையில் மைதானத்தில் ஒரு மணி நேரம் பந்து வீசுகிறேன். மாலையில் நான் சைக்கிளில் போக, கூடவே ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிவருகிறான். அப்படியும் வீட்டுக்கு வந்தால் அடங்குவதில்லை. யார் வந்தாலும் தோளில் கால் வைக்கிறான். போன வாரம் என் அம்மாவைத் தள்ளிவிட்டதில் அவருக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். 5 மாதத்தில் 'உட்கார்' என்றால் உட்கார்ந்தவன், இப்போது கூப்பிட்டால் பல நேரம் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. பழக்குவதற்கென்று வந்த ஒருவர், "நீங்கள்தான் தலைவர் என்று அவனுக்குப் புரியவைக்க வேண்டும், மல்லாத்திப் போட்டு அழுத்திப் பிடியுங்கள்" என்றார். ஊரில் தோட்டம் வைத்திருக்கும் உறவினரிடம் கொடுத்துவிடலாம் என்கிறாள் மனைவி. கருத்தடை செய்தால் அடங்குவானா?

ச., கோவை

*

அன்புள்ள ச.,

முதலில் அம்மாவின் கை. கட்டுப் பிரிக்கும்வரை, வேலு கயிற்றில் இல்லாமல் இருவரும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. குழந்தைகள் தவழும் வீடுகளில் வாசலுக்குக் குறுக்கே போடும் குட்டைக் கதவு கடைகளில் கிடைக்கிறது. வேலுவின் உயரத்துக்கு அது போதாது, உயரமானதாகத் தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். அவனைத் திருத்துவது மாதக்கணக்கில் நடக்கப்போகிற வேலை. அதுவரை யாரும் விழாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது அந்தப் பந்தும் சைக்கிளும்தான். அடங்கவில்லை என்று ஓடவிடுகிறீர்கள். ஓடி ஓடி உடம்பு தேறுகிறது. தேறிய உடம்புக்கு நேற்றைய ஓட்டம் போதவில்லை. இப்படியே போனால் இன்னும் ஆறு மாதத்தில் உங்கள் வீட்டில் ஓர் ஓட்டப்பந்தய வீரன் இருப்பான், அடக்கமான நாய் இருக்காது. காட்டுப் பன்றி வேட்டைக்கும் வயல் காவலுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் அது. (2005ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய்களில் ஒன்று, தெரியுமா?) அதை ஓடவைத்துக் களைக்கவைப்பது நம்மால் ஆகிற காரியமா? பந்து பறக்கும்போது அவனுக்குள் எழுவது வேட்டைப் பரபரப்பு. ஒரு மணி நேரம் அதைத் திரும்பத் திரும்பக் கிளறிவிட்டு, லிஃப்டில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து "சும்மா இரு" என்கிறோம்.

சைக்கிளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். காரணம் வேறு. பெரிய இன நாய்களுக்கு எலும்பு முனைகளில் வளர்ச்சி நடக்கும் இடம் மூடிக் கெட்டிப்பட ஒரு வயதைத் தாண்டும், சிலவற்றுக்கு ஒன்றரை வயதும் ஆகும். அதற்குள் தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஒரே சீராக ஓடவைப்பது மூட்டுக்கு நல்லதல்ல. அந்த நேரத்தை மோப்பத்துக்குக் கொடுங்கள். நீளமான கயிற்றில், அவன் போகிற பக்கம், அவன் வேகத்தில். ஒரு மின்கம்பத்தை மூன்று நிமிடம் முகர்கிறானா, நில்லுங்கள். அது அவனுக்குச் செய்தித்தாள். அரை மணி நேரம் முகர்ந்து திரிந்த நாய், பந்து துரத்திய நாயைவிட நிம்மதியாகப் படுக்கும். வீட்டிலும் சோற்றைத் தட்டில் கொட்டாதீர்கள். பழைய துண்டுக்குள் சுருட்டி வையுங்கள், அட்டைப் பெட்டிக்குள் ஒளித்து வையுங்கள், தேடித் தின்னட்டும்.

இன்னொன்று, அவன் தூங்குகிறானா? நாளில் பாதிக்கு மேல் தூங்க வேண்டிய வயது. தூக்கம் போதாத குழந்தை சாயங்காலம் எப்படி ஆடும் என்று பார்த்திருப்பீர்கள். நாயும் அப்படியே. மத்தியானம் ஆள் நடமாட்டமில்லாத மூலையில் அவனுக்கு ஓர் இடம் வேண்டும்.

இனி என் கதை. எனக்கும் ஒரு வேலு இருந்தான். அல்சேஷன் கலப்பு. பால்காரரை இரண்டு முறை பாலோடு சாய்த்தான். பகல் முழுக்க வேப்பமரத்தில் கட்டிப்போட்டோம். கட்டக் கட்ட வெறி ஏறியது. அவிழ்த்துவிட்ட பத்து நிமிடத்தில் பகல் முழுவதன் பாக்கியையும் வசூலித்துவிடுவான். பிறகு ஒருவரை வரவழைத்தோம். இழுத்தால் கழுத்தில் இறுகும் சங்கிலியோடு வந்தார். மூன்று வாரத்தில் நாய் அடங்கியது என்றுதான் நினைத்தோம். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் சிறுநீர் கழித்தான். அவர் வருவது நின்றதும் பால்காரர் மறுபடியும் சாய்ந்தார். அந்தச் சங்கிலிக்காரரை அழைத்து வந்தவள் நான், அதை மறைக்க விரும்பவில்லை.

இந்தத் தலைவர் கதை எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். 1940களில் ஷென்கல் என்பவர், கூண்டில் ஒன்றாக அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து, அவற்றுக்குள் ஓயாத பதவிச் சண்டை நடப்பதாக எழுதினார். 1970ல் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரின் புத்தகம் அதைப் பரப்பியது. காட்டில் பல ஆண்டுகள் ஓநாய்களோடு திரிந்த பிறகு அதே மெக் 1999ல், அது குடும்பம், தாய் தகப்பனும் குட்டிகளும், பட்டத்துக்காக அங்கே யாரும் சண்டை போடுவதில்லை என்று எழுதினார். சொன்னவர்களில் ஒருவரே திருத்திக்கொண்ட பின்னும் நம் ஊரில் நாயை மல்லாத்திக்கொண்டிருக்கிறோம். நாய் ஓநாயுமல்ல என்பது தனி. வேலுவை மல்லாத்தினால், நீங்கள் குனிந்தால் ஆபத்து என்பதைக் கற்றுக்கொள்வான். ஒரு நாள் உங்கள் முகத்துக்கு நேரே பல் வரும்.

நான் கற்றது ஊர் ஊராக ஆடு மேய்க்கும் ஒரு கீதாரியிடம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட வந்திருந்தார். அவரிடம் வயதான நாய் ஒன்று, துள்ளுகிற வயதில் இளசு ஒன்று. அவர் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது அந்த இளசு மேலே விழுந்து பிடுங்கும். அவர் திட்டவில்லை, தள்ளவுமில்லை. தூக்குச்சட்டியோடு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அது சுற்றி வந்தது, மறுபடி திரும்பினார். நாலைந்து முறை. அலுத்துப்போய்த் தரையில் படுத்தது. படுத்த மாத்திரத்தில், அதைப் பார்க்காமலே, கையிலிருந்த கருவாட்டுத் துண்டை அதன் முன்காலுக்கு இடையே வைத்தார். எழுந்து வந்தது, கருவாடு இல்லை. படுத்தது, வந்தது. நான் கேட்டதற்கு, "கத்துற புள்ளைக்குத்தான் எல்லாரும் குடுக்குறோம் தாயி, சும்மா கெடக்குறதுக்கு யாரு குடுக்குறா?" என்றார். பிறகு பீடி பற்றவைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். நாய் மூலையில் அமைதியாகப் படுத்திருக்கும்போது "அப்பாடா" என்று நாம் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறோம். மேலே பாய்ந்தால் உடனே பெயர் சொல்கிறோம், தொடுகிறோம், கத்துகிறோம், நாலு பேர் ஓடிவருகிறார்கள். பாய்ந்தால் திருவிழா, படுத்தால் ஒன்றுமில்லை. வேலு முட்டாளா என்ன?

ஆகவே வீட்டில் நாலு இடத்தில் சிறு டப்பாக்கள் வையுங்கள். வேகவைத்த கோழிக்கறியோ முட்டையோ சுண்டுவிரல் நகமளவு நறுக்கி, மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அன்றாடம் மாற்றுங்கள். அவன் தானாகப் படுக்கும்போது, பெருமூச்சு விட்டு இடுப்பைச் சாய்க்கும்போது, ஒரு துண்டை முன்காலுக்கு அருகே வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். கொஞ்சாதீர்கள், கொஞ்சினால் எழுந்துவிடுவான். நாளுக்கு முப்பது நாற்பது முறை. அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாயைப் போட்டு அதில் படுக்கும்போது மட்டும் கொடுங்கள். ஒரு வாரத்தில் பாயைக் கண்டாலே போய்ப் படுப்பான். அப்போதுதான் அதற்கு ஒரு சொல் சேர்க்க வேண்டும். சொல்லை முதலில் கத்திக்கொண்டிருந்தால் அது தெருச்சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும். (பாயசத்திலிருந்து பொறுக்கிய உலர்திராட்சையைப் பாட்டிமார் பிரியமாகப் போடுவார்கள். திராட்சை நாய்க்கு நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுக்கும். அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.)

மேலே பாய்வதற்கும் அதே கணக்கு. நான்கு காலும் தரையில் இருந்தால் நீங்கள் இருக்கிறீர்கள், இரண்டு கால் எழும்பினால் நீங்கள் மரம். முழங்காலால் இடிப்பது, காலை மிதிப்பது எதுவும் வேண்டாம். ஆனால் இதைத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாள் அவன் முன்பைவிட மோசமாகப் பாய்வான், குரைப்பான். எப்போதும் வேலை செய்த வழி திடீரென்று அடைபட்டால் யாரும் இன்னும் ஓங்கித்தான் தட்டுவார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அங்கே ஒருமுறை இளகிக் கொடுத்துவிட்டால், இன்னும் ஓங்கித் தட்டினால் திறக்கும் என்று கற்றுக்கொண்டுவிடுவான். பத்துக்கு ஒருமுறை மட்டும் பரிசு கிடைக்கும் பழக்கம், எப்போதும் கிடைக்கும் பழக்கத்தைவிட விடாப்பிடியாக நிற்கும். லாட்டரிச் சீட்டு வாங்குபவர்களைக் கேளுங்கள். எனவே வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். உங்கள் நண்பர் எவராவது வந்து "பரவாயில்லை சார், எனக்கு நாய் பிடிக்கும்" என்று கையை விரித்தால் அவரைத்தான் முதலில் பழக்க வேண்டும். விருந்தாளி வரும்போது வேலு கயிற்றில் இருக்கட்டும், மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டையில் முன்பக்க வளையத்தில் கயிற்றை மாட்டினால் இழுப்பு குறையும்.

5 மாதத்தில் கேட்டவன் இப்போது கேட்கவில்லை என்கிறீர்கள். அது வயது. 2020ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்களை 5 மாதத்திலும் 8 மாதத்திலும் சோதித்தார்கள். 8 மாதத்தில் அவை வளர்ப்பவர் 'உட்கார்' என்றால் கேட்பது குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், முன்பின் தெரியாதவர் சொன்னால் அப்படிக் குறையவில்லை. வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை. கடந்துபோகும். பெரும்பாலான நாய்கள் கைவிடப்படுவதும் அடிவாங்குவதும் இந்தச் சில மாதங்களில்தான் என்பது என் அனுபவம்.

கருத்தடையைப் பொறுத்தவரை, பெண் நாயைத் தேடி அலைவதும் ஆங்காங்கே சிறுநீர் தெளிப்பதும் குறையலாம். ஆள் மேல் பாய்வது கற்றுக்கொண்ட பழக்கம், கத்தி அதை எடுக்காது. பெரிய உடம்பு நாய்க்கு எந்த வயதில் செய்யலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

தோட்டத்துக்கு அனுப்புவது தவறென்று சொல்லமாட்டேன். பல ராஜபாளையங்களுக்கு அடுக்குமாடியைவிட அதுவே நல்ல இடம். ஆனால் அந்த உறவினர் அவனைப் பகலெல்லாம் சங்கிலியில் கட்டப்போகிறார் என்றால் என் வேப்பமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோனது, எனக்கு உறுத்துகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை என்கிறீர்கள். வெள்ளை நிற நாய்களில், ராஜபாளையத்திலும், பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு. சிலவற்றுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. அவை சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிக்கும், நாம் திமிர் என்போம். வேலு அசந்து தூங்கும்போது, தரை அதிராமல், காற்று படாமல், அவன் பார்வைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது அசைகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று இரவு செய்யுங்கள். அசையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படியானால் நான் மேலே சொன்னவற்றில் சொல் சேர்க்கும் இடத்தில் மட்டும் கைச்சாடையை வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் அப்படியே பொருந்தும். சாவியை இன்றிரவே ஆட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.