மூக்கு உடைந்த தெய்வங்கள்

அன்புள்ள ஐயா,

ரோமில் ஒரு பழைய தேவாலயத்தின் தூண் போதிகைகளில், அதாவது தூணின் தலைப் பகுதியில், முகங்கள் இருந்த இடம் மட்டும் கொத்தப்பட்டிருந்தது. பழைய கோயில் தெய்வங்கள் என்றார் வழிகாட்டி. விக்கிரகமே கூடாது என்றவர்கள் அவற்றை ஏன் கொண்டுவந்து வைத்தார்கள்? வைத்த பிறகு ஏன் உடைத்தார்கள்?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்தது ரோமின் டிராஸ்தேவெரே பகுதியிலுள்ள சாந்தா மரியா தேவாலயமாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் நடுவே எழுநூறு வருடம் இருக்கிறது.

அந்தப் போதிகைகள் கோயிலுடையவை அல்ல, ரோமப் பேரரசன் காரகல்லாவின் குளியல் மண்டபத்தில் இருந்தவை. 12ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தைத் திரும்பக் கட்டியபோது எடுத்து வந்தார்கள். செதுக்கி முடித்த பளிங்கு சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? இசிஸ், செராபிஸ், ஹார்ப்பொக்ரட்டீஸ் என்ற எகிப்திய தெய்வங்களின் முகங்களுக்குக் கீழே பூசை அதன் பாட்டுக்கு நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் வந்து இன்னார் இன்னார் என்று பெயர் சொன்னார்கள். அதுதான் வினை. 1870இல், போப் ஒன்பதாம் பயஸ் காலத்துத் திருப்பணியில், முகங்களைக் கொத்திவிட்டார்கள். 'அந்தக் காலத்து மூடர்கள் உடைத்தார்கள்' என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவதால் இதைச் சொல்கிறேன்.

ஆரம்ப காலத்திலும் உடைத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்த்து உடைத்தார்கள். சிசிலியின் சிராகூசாவில் கிரேக்க தெய்வம் அதீனாவின் கோயில் தூண்கள் இன்றும் தேவாலயச் சுவருக்குள் நிற்கின்றன. தூணுக்கு முகமில்லை, வம்புமில்லை.

ஏதென்ஸில் அதே அதீனாவின் கோயிலான பார்த்தெனான் மரியாளின் தேவாலயமானபோது கிழக்கு, மேற்கு, வடக்குப் பக்கத்துச் சிற்பப் பலகைகளைக் கொத்திச் சிதைத்தார்கள். தெற்கை விட்டுவிட்டார்கள். அது பாறை விளிம்புப் பக்கம், ஆள் நடமாட்டம் குறைவு என்பது ஒரு விளக்கம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: அங்கே பெரும்பாலும் பாதி குதிரையான சென்டார்களோடு நடக்கும் சண்டைதான். கும்பிட ஆள் இல்லை.

வடக்கிலும் கடைசிப் பலகை ஒன்று தப்பியது. ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், எதிரே ஒருத்தி நிற்கிறாள். இயேசு பிறக்கப்போகிறார் என்று மரியாளுக்கு தேவதூதர் கபிரியேல் மங்கள வார்த்தை சொல்லும் காட்சி என்று நினைத்து விட்டுவிட்டார்கள் என்பது ஓர் ஊகம். நிற்பதும் பெண்தானே என்பீர்கள். சரி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது! பலகை இப்போது அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.