மதப் பள்ளியா, அரசுப் பள்ளியா? கணக்கு நோட்டைப் புரட்டுங்கள்

கேள்வி: மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஒன்று மத நிறுவனம் நடத்தும் பள்ளி, இன்னொன்று அரசுப் பள்ளி. மதப் பள்ளியில் கணக்கையும் ஓதவைப்பதுபோல மனப்பாடமாகத்தான் நடத்துவார்கள் என்கிறார்கள். நிஜமா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. கணிதம் என்றால் என்னவென்று ஆசிரியர் மனதுக்குள் நம்புகிறாரோ, அதுதான் பெரும்பாலும் வகுப்பில் வெளிப்படும். பால் எர்னஸ்ட் என்ற கல்வியாளர் 1989இல் இந்த நம்பிக்கைகளை மூன்றாகப் பிரித்தார். கணிதம் விதிகளின் மூட்டை, ஏற்கெனவே இருக்கும் மாறாத உண்மை, மனிதர்கள் சிக்கல்களைத் தீர்த்துத் தீர்த்து வளர்த்துவரும் ஒன்று. மூன்று ரகத்தினரும் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு.

½ ÷ ¼ என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விதிக்காரர் "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று முடித்துவிடுவார். இன்னொருவர் "அரைக்குள் எத்தனை கால் இருக்கிறது?" என்று கேட்பார். விடை இரண்டு என்று குழந்தையே சொல்லிவிடும்.

சமய நம்பிக்கைக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கலாம். ஆனால் அது இரண்டு பக்கமும் இழுக்கும். 'படைப்பில் ஓர் ஒழுங்கு இருக்கிறது' என்று நம்பும் ஒருவர், அந்த ஒழுங்கைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம். அதே நம்பிக்கையுள்ள இன்னொருவர், 'உண்மை ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது, கேள்வி எதற்கு?' என்று வாயை அடைக்கலாம். அரசுப் பள்ளியில் வாயை அடைக்கும் இந்த வேலையைப் பெரும்பாலும் பரீட்சையும் பாடத்திட்ட அவசரமும் செய்துவிடும். அங்கே ஆசிரியர் எதை நம்பினாலும், நடத்துவது பல நேரம் வேறாகிவிடுகிறது.

அதனால் ஆசிரியரிடம் "எப்படிச் சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் 'புரியவைத்துத்தான்' என்பார்கள். நீங்கள் பார்க்கப்போகும் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டைப் புரட்டுங்கள். ½ + ⅓ = ⅖ என்று தப்பாக எழுதியிருந்தால் பக்கத்தில் என்ன இருக்கிறது? வெறும் சிவப்புப் பெருக்கல் குறியா, இல்லை "⅖ அரையைவிடச் சின்னது. கூட்டினால் எப்படிக் குறையும்?" என்பதுபோல ஒரு வரியா? நோட்டு கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையிடமே, "வேறு வழியில் போட்டுச் சரியான விடை வந்தால் மார்க் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியரைவிடப் பிள்ளைகள் இதற்கு நேராகப் பதில் சொல்வார்கள்.

அப்புறம் ஒன்று: ஆறாம் வகுப்பில் கணக்கு எடுப்பவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளே வேறு வேறு மாதிரி இருக்கும்.