கென்யாவில் ஆங்கிலேயர் செய்த கொடுமைகள் 1963-லேயே முடிந்த கதைதானே? இன்னும் ஏன் அதைப் பேசுகிறார்கள்?

முடிந்த கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2012-லிருந்து ஐந்து வருடம் நைரோபியில் கணக்கு வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த, கிக்கூயு இனத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் ஒரு விடுமுறைக்குத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். நியேரி பக்கம், கென்ய மலைக்கும் அபர்டேர் மலைத்தொடருக்கும் நடுவில். செம்மண், செங்குத்தான சரிவுகள், கண்ணுக்கு எட்டிய வரை தேயிலையும் காப்பியும். அவர்கள் நிலம் சரிவின் அடியில், ஓடையை ஒட்டி, கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. மேலே ரோட்டோரம் சமதளமாக இருந்த தேயிலைத் தோட்டம் பக்கத்து வீட்டுக்காரருடையது. நடுவில் ஆளுயர உயிர்வேலி. "நல்ல மண்ணெல்லாம் அந்தப் பக்கமே போயிருக்கே" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். நண்பர் குரலைத் தாழ்த்தினார். "அளந்தப்போ அவங்க தாத்தா ஹோம் கார்டு. எங்க தாத்தா மன்யானியில இருந்தார்."

மன்யானி என்பது தடுப்பு முகாம். ஹோம் கார்டு என்பது வெள்ளையர் அரசு கிக்கூயு மக்களிலிருந்தே திரட்டிய காவல் படை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த வேலிதான். அது எப்படி அங்கே வந்தது என்று சொல்கிறேன்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வளமான மேட்டு நிலங்களை எடுத்து வெள்ளைக் குடியேறிகளுக்குக் கொடுத்தது ஆங்கில அரசு. 'வெள்ளையர் மேட்டுநிலம்' என்றே அதற்குப் பெயர். நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள் அதே மண்ணில் கூலிகளானார்கள். 'கிப்பாண்டே' என்று ஓர் அடையாளச் சீட்டு. கைரேகையும் வேலை செய்த இடங்களின் விவரமும் அதில் இருக்கும். அதைத் தகர டப்பாவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் ஆண்கள் வெளியே நடமாட முடியும். மனு கொடுத்தார்கள், சங்கம் வைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். உலகம் அவர்களை மாவ் மாவ் என்றது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் நிலம் மற்றும் விடுதலைப் படை. நிலம் என்ற சொல்தான் அதில் முதலில் வருகிறது.

1952 அக்டோபர் 20 அன்று ஆளுநர் ஈவ்லின் பேரிங் நெருக்கடி நிலையை அறிவித்தார். மாவ் மாவும் கொடூரங்கள் செய்தார்கள், அதை மறைக்கக் கூடாது. 1953 மார்ச்சில் லாரி என்ற ஊரில் ஒரே இரவில் அரசு ஆதரவாளர்களின் குடும்பங்களை, பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து, வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க அரசுத் தரப்பு இன்னும் கூடுதலான பேரைக் கொன்றது. ஆனால் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் கொல்லப்பட்ட வெள்ளைக் குடியேறிகள் 32 பேர். தூக்கிலிடப்பட்ட ஆப்பிரிக்கர்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். நடமாடும் தூக்குமேடையே செய்து வைத்திருந்தார்கள்.

1954 ஏப்ரலில் நைரோபியை ராணுவம் சுற்றி வளைத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அள்ளிக்கொண்டு போனது. தலையிலிருந்து சாக்கைப் போட்டு மூடிய ஒரு காட்டிக்கொடுப்பவன் உட்கார்ந்திருப்பான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். அவன் தலையாட்டினால் வண்டியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். விசாரணை, வழக்கு, தண்டனைக் காலம் எதுவும் கிடையாது. முகாமில் ஆட்களை 'வெள்ளை', 'சாம்பல்', 'கறுப்பு' என்று தரம் பிரித்தார்கள். மாவ் மாவ் உறுதிமொழி எடுத்ததை ஒத்துக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தால் நிறம் வெளுக்கும், அடுத்த முகாமுக்கு மாற்றுவார்கள். கொடுக்காதவர்களை அடித்தார்கள். ஆண்களை இடுக்கியால் காயடித்தார்கள். பெண்களுக்குச் செய்ததை இங்கே எழுதக் கை வரவில்லை, அவை நீதிமன்றத்தில் வாக்குமூலமாகப் பதிவாகியிருக்கின்றன. நைரோபிக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்கும், அன்று எம்பகாசி என்று பெயர் வைத்திருந்த விமான நிலையமே அந்தக் கைதிகளின் உழைப்பில் உருவானதுதான்.

வெளியே இருந்தவர்களும் வெளியே இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சொந்த வீட்டிலிருந்து கிளப்பி, எண்ணூறுக்கும் அதிகமான கம்பிவேலி கிராமங்களில் அடைத்தார்கள். நண்பரின் பாட்டிக்கு அப்போது இருபது வயது இருக்கும். அங்கே பாட்டியை ஷோஷோ என்று கூப்பிடுகிறார்கள். தாங்கள் இருந்த பழைய வீட்டைத் தங்கள் கண் முன்னாலேயே கொளுத்தியதை ஷோஷோ சொன்னார். கிராமத்தைச் சுற்றி அகழி வெட்டியது பெண்கள்தான். அடியில் கூர் சீவிய மூங்கில் குச்சிகளை நட்டதும் அவர்கள்தான். நாளுக்குச் சிறிது நேரம்தான் தோட்டத்துக்குப் போய் ஏதாவது பிடுங்கி வரலாம். "கூடை நிறையறதுக்குள்ள விசில் ஊதிடுவாங்க" என்றார். அவருடைய மூத்த பிள்ளை அந்தக் கிராமத்தில்தான் இறந்தது. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டு வந்தார். அப்புறம் நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்தக் கம்பிவேலி கிராமங்களை ஆங்கிலேயர் ஏற்கனவே மலாயாவில் செய்து பார்த்திருந்தார்கள். நம் தோட்டத் தொழிலாளர்களையும் அங்கே அப்படித்தான் ஒரே இடத்தில் குவித்து வைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர்மேல் சொன்ன குற்றம் கைத்துப்பாக்கி வைத்திருந்தது. கென்யாவில் மாவ் மாவ் காட்டுப் படையின் தலைவர் டெடான் கிமாத்தியைத் தூக்கிலிட்டதும் கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்குத்தான்.

சரி, வேலிக்கு வருகிறேன். ஆண்கள் முகாமிலும் காட்டிலும் இருந்தபோது, 1954-ல் அரசு ஒரு நிலச் சீர்திருத்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. துண்டு துண்டாக இருந்த நிலங்களைச் சேர்த்து, அளந்து, பட்டா கொடுக்கும் திட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தது அரசு ஆதரவாளர்கள். ரோட்டோர நிலம், சமதள நிலம் அவர்கள் பெயரில் ஏறியது. முகாமில் இருந்தவனுக்கு ஓடைக்கரைச் சரிவு, பலருக்கு அதுவும் இல்லை. பட்டா இருந்தவனுக்குக் கடன் கிடைத்தது, காப்பி பயிரிட முடிந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், அரசு வேலைக்கும் போனார்கள். காட்டிலிருந்து திரும்பியவன் கூலிக்குப் போனான். கொடுமையின் தாக்கம் என்று பேசும்போது பலர் உடலில் இருக்கும் தழும்பைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பதிவேட்டில் ஏறிய தழும்புதான் பேரன் காலம் வரைக்கும் வருகிறது. பட்டாவை அடித்துத் திருத்த எந்த அரசும் வரவில்லை.

அதிகாரிகளுக்குத் தாங்கள் செய்வது தப்பு என்று தெரியாமல் இல்லை. 1957-ல் தலைமைச் சட்ட அதிகாரி எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ், பாவம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் சத்தமில்லாமல் செய்வோம் என்று ஆளுநருக்கு எழுதினார். 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் வேலை செய்ய மறுத்த கைதிகளில் 11 பேரை அடித்தே கொன்றார்கள். அவர்கள் தண்ணீர் குடித்ததால் இறந்ததாக அரசு முதலில் அறிக்கை விட்டது.

நாட்டைவிட்டுப் போகும்போது காகிதங்களை எரித்தார்கள். எரித்த சாம்பலையும் உடைத்துத் தூளாக்க வேண்டும், எரிக்க முடியாததைப் பெட்டியில் கனம் கட்டி ஆழ்கடலில் போட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு இருந்திருக்கிறது. தப்பியவை லண்டனுக்குப் போயின. பல குடியேற்ற நாடுகளின் ஆயிரக்கணக்கான கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் ஐம்பது வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தன. அவை வெளியே வந்தது 2011-ல். அதுவும் தானாக வரவில்லை. ஐந்து முதியவர்கள் 2009-ல் லண்டனில் வழக்குப் போட்டதால் வந்தது. அவர்களில் ஒருவர் ஹோலாவில் செத்தவர் என்று நினைத்துப் பிணங்களோடு கிடத்தப்பட்டுப் பிழைத்தவர். பிரிட்டன் முதலில், அந்தப் பொறுப்பெல்லாம் விடுதலையோடு கென்ய அரசிடம் போய்விட்டது என்று வாதாடியது. அது எடுபடாமல் போனதும் காலம் கடந்துவிட்டது என்றது. ஆவணங்களை ஒளித்து வைத்தவர்களே காலம் கடந்துவிட்டது என்று சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

2013 ஜூன் 6 அன்று வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தருவதாகச் சொன்னார். சட்டப்படி பொறுப்பேற்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பதாயிரம் பேர் போட்ட இன்னொரு வழக்கு, காலம் கடந்த காரணத்துக்காகவே 2018-ல் தள்ளுபடியானது. 2023-ல் மன்னர் சார்லஸ் நைரோபிக்கு வந்து, நடந்ததற்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்றார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை.

இதில் கென்ய அரசுகளுக்கும் பங்கு உண்டு. மாவ் மாவ் இயக்கத்தின் மீதான தடை விடுதலைக்குப் பிறகும் நாற்பது வருடம் இருந்தது, 2003-ல்தான் நீக்கினார்கள். கிமாத்தியை ஆங்கிலேயர் காமிட்டி என்ற சிறையில் தூக்கிலிட்டு, அடையாளம் இல்லாத குழியில் புதைத்தார்கள். அவர் மனைவி முகாமி அந்த எலும்புகளைக் கொடுங்கள் என்று ஒவ்வோர் அரசிடமும் கேட்டுக்கொண்டே இருந்து, 2023-ல் காலமானார்.

2015-ல் பிரிட்டன் பணத்தில் நைரோபி உஹுரு பூங்காவில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு பெண் போராளிக்குச் சாப்பாடு கொடுக்கிறாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிடிபட்டு அடி வாங்கினாலும் அடையாளம் சொல்ல முடியாதபடி அப்படித் திரும்பி நிற்கிறார்கள். போட்டோ எடுத்து நண்பருக்குக் காட்டினேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவர் அதை ஷோஷோவிடம் காட்டினாராம். போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நாங்க கூடையைக் கீழ வெச்சிட்டுப் போயிடுவோம், கையில கொடுத்ததே இல்ல" என்றாராம்.