பத்து ஊர், எழுபது வார்டு, ஒரு மேயர்: தாம்பரம் மாநகராட்சியின் முதல் தேர்தல் பற்றிக் கேள்வி பதில்

2022 பிப்ரவரி 19 அன்று தாம்பரம் மாநகராட்சிக்கு முதல் தேர்தல் நடந்தது. அது பற்றி இன்னமும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். எந்தக் கட்சிக்குப் போடலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

சேலையூர் வாசகர்: முதலில் அடிப்படை. எந்தெந்த ஊர்கள் சேர்ந்தன சார்?

நகராட்சிகள் ஐந்து: தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம். பேரூராட்சிகள் ஐந்து: சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை. குரோம்பேட்டைக்காரர்கள் "எங்கள் பெயரே இல்லையே" என்கிறார்கள். அது பல்லாவரம் நகராட்சிக்குள் இருந்தது. உங்கள் சேலையூர் தாம்பரம் நகராட்சிக்குள் இருந்த மாதிரி. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிப்பு, நவம்பரில் அவசரச் சட்டம், 2022 ஜனவரி 26-ல் தேர்தல் தேதி அறிவிப்பு. அவசரச் சட்டத்துக்கும் தேர்தல் அறிவிப்புக்கும் நடுவே மூன்று மாதம்கூட இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் குழப்பத்துக்கு அதுதான் காரணம்.

பம்மல் வாசகி: வாக்குச்சாவடியில் ஒரே ஒரு மெஷின்தான் இருந்தது. கவுன்சிலருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தேன். மேயருக்கு எங்கே போய்ப் போட்டிருக்க வேண்டும்?

எங்கேயும் இல்லை. உங்களுக்கு இருந்தது ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு. மேயரை கவுன்சிலர்கள் தங்களுக்குள்ளிருந்து மார்ச் 4 அன்று தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் உங்கள் மேல் தவறு சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் இந்த விதி மாறாத காலமே இல்லை. 1996-ல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் ஸ்டாலின் அப்படித்தான் வந்தார். 2001-லும் நேரடி. 2006-ல் மறைமுகம். 2011-ல் மறுபடி நேரடி. சைதை துரைசாமி வந்தது அப்போது. 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம், மீண்டும் மறைமுகம். 2006-ல் மாற்றியது தி.மு.க. அரசு, 2019-ல் மாற்றியது அ.தி.மு.க. அரசு. 2021-ல் ஆட்சி மாறிய பிறகும் அந்த 2019 மாற்றத்தை யாரும் தொடவில்லை. இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று.

இதனால் நடைமுறையில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நிறைய இருக்கிறது. நேரடித் தேர்தல் என்றால் மேயர் வேட்பாளர் திருநீர்மலையிலும் மாடம்பாக்கத்திலும் வந்து நின்று பேசியாக வேண்டும். மறைமுகம் என்றால் தன் ஒரு வார்டில் ஜெயித்தால் போதும், மிச்சத்தைக் கட்சித் தலைமை பார்த்துக்கொள்ளும். பத்து ஊரைப் புதிதாகச் சேர்த்த இடத்தில், முதல் தேர்தலிலாவது நேரடியாக வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். எல்லா ஊரையும் ஒன்றாகப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் யாராவது ஒருவருக்காவது இருந்திருக்கும்.

மேற்குத் தாம்பரம் வாசகர்: மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு என்று ஒதுக்கினார்கள். தனி வார்டில் ஜெயித்தவர்தான் நிற்க முடியுமா?

இல்லை. பட்டியலின வகுப்பைச் சேர்ந்த பெண் கவுன்சிலர் எந்த வார்டில் ஜெயித்திருந்தாலும் நிற்கலாம். பொது வார்டானாலும் சரி. வார்டின் ஒதுக்கீடு வேறு, மேயர் பதவியின் ஒதுக்கீடு வேறு. அந்த முறை சென்னையும் தாம்பரமும் பட்டியலினப் பெண்களுக்கு, ஆவடி பட்டியலினப் பொது. தாம்பரத்தின் முதல் மேயராக தி.மு.க.வின் வசந்தகுமாரி கமலக்கண்ணன் வந்தார், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர். சென்னையிலும் அதே நாளில் பிரியா ராஜன் பதவியேற்றார். பக்கத்துப் பக்கத்து இரண்டு பெரிய மாநகராட்சிகளை இரண்டு இளம்பெண்கள் நடத்த வந்தது, அறிவித்தவர்களே எதிர்பார்த்ததா என்று தெரியாத நல்ல விஷயம்.

பழைய பல்லாவரம் வாசகர்: எங்கள் பழைய கவுன்சிலர் நாலு தெரு தள்ளி இருந்தார். இப்போது கவுன்சிலர் யார் என்றே தேட வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி?

கணக்கைப் பாருங்கள். பல்லாவரம் நகராட்சியில் மட்டும் 42 வார்டுகள் இருந்தன. தாம்பரத்தில் 39. இரண்டையும் கூட்டினாலே 81. இப்போது மிச்சம் எட்டு ஊரையும் சேர்த்து மொத்தம் 70 வார்டுதான். 2011 மக்கள்தொகைப்படி வார்டுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர். பேரூராட்சியில் இருந்தவர்களுக்கு இது இன்னும் பெரிய தாவல். அங்கே கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டவர்களை அவருக்கே முகம் தெரியும்.

2011 கணக்கு என்று சொன்னேன் இல்லையா, அதில்தான் இன்னொரு சிக்கல். அதற்குப் பிறகு பெருங்களத்தூர், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் அடுக்குமாடிகள் எவ்வளவு எழும்பின என்று ஜி.எஸ்.டி. சாலையில் போகிற யாருக்கும் தெரியும். காகிதத்தில் சமமாக வெட்டிய வார்டுகள் தரையில் சமம் இல்லை. புதிய மக்கள்தொகைக் கணக்கு வராமல் இதைச் சரி செய்யவும் முடியாது. சென்னைக்கும் 2011-ல் இதே வலி வந்தது. 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 200 வார்டாக்கியபோது, பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின. அங்கே பழைய ஆட்கள் கத்தினார்கள், புதிதாகச் சேர்ந்த பகுதிகள் 93 இடம் பெற்றன. தாம்பரத்தில் எல்லோருக்குமே சுருங்கியது.

சிட்லபாக்கம் வாசகர்: எங்களை யார் கேட்டார்கள்? பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டதா?

இதுதான் எனக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது.

மன்றமே இல்லை. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலை, அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இட ஒதுக்கீட்டு அறிவிப்பில் குறை இருந்தது. அடுத்த தேர்தல் சில மாதத்தில் வரும் என்று நினைத்தோம். நகர்ப்புறத்துக்கு அது வந்தது 2022-ல். அதுவரை ஒவ்வொரு நகராட்சியையும் பேரூராட்சியையும் நடத்தியது தனி அலுவலர்கள். மன்றத்துக்கு உள்ள அதிகாரம் முழுக்க அவர்கள் கையில். மேலிடம் சொன்னால் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருப்பவர் அரசு ஊழியர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நானும் அந்த வர்க்கம்தான்.

ஆக, பத்து உள்ளாட்சிகளையும் இணைத்தபோது, அந்தப் பத்தில் ஒன்றில்கூட மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூடப் பதவியில் இல்லை. ஆட்சேபம் தெரிவிக்க ஊர் மக்களுக்கு வாய்ப்பு இருந்தது, மனு கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் எதிர்த்துப் பேசவோ, "சரி, ஆனால் எங்கள் ஏரிக்கு இவ்வளவு நிதி கொடுங்கள்" என்று பேரம் பேசவோ ஒரு மன்றம் இல்லை. இணைப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. அடையாறும் பாதாளச் சாக்கடையும் பேரூராட்சி எல்லை பார்த்து ஓடுவதில்லை. ஒரே நிர்வாகம் தேவைதான். முதலில் தேர்தல் நடத்தி, வந்த மன்றங்களைக் கேட்டு, பிறகு இணைத்திருக்க வேண்டும். வரிசை தலைகீழாகிவிட்டது.

முடிச்சூர் வாசகர்: எங்களுக்கு எதிர்ப்புறம் மாநகராட்சி, எங்களுக்கு ஊராட்சி. நாங்கள் மட்டும் ஏன் வெளியே?

மேலே சொன்னதற்கு நேர் எதிரான காரணம். உங்களிடம் மன்றம் இருந்தது! செங்கல்பட்டு மாவட்டத்தில் 2021 அக்டோபரில்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போதுதான் ஜெயித்து வந்த ஊராட்சித் தலைவரை, ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் தொடங்கிய மறு மாதமே வீட்டுக்கு அனுப்புவது சட்டப்படியும் அரசியல்படியும் தலைவலி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. தவிர, ஊராட்சியாக இருக்கும் வரை நூறு நாள் வேலை உண்டு, மாநகராட்சி ஆனால் அது போய்விடும். வீட்டு வரியும் கூடும். சாலையும் சாக்கடையும் வேண்டும் என்பவர்களும், வேண்டாம் என்பவர்களும் ஒரே தெருவில் இருப்பார்கள்.

கன்டோன்மென்ட் பகுதி வாசகி: எங்கள் வீட்டுக்கு பூத் சிலிப்பே வரவில்லை.

வராது. பரங்கிமலை-பல்லாவரம் கன்டோன்மென்ட் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது, மாநகராட்சியில் சேரவில்லை.

குரோம்பேட்டை வாசகர்: தேர்தல் முடிந்த கையோடு சொத்து வரியை ஏற்றிவிட்டார்கள். மாநகராட்சி ஆனதால்தானே?

நேரம் அப்படி அமைந்ததால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2022 ஏப்ரலில் வந்த சீராய்வு தமிழ்நாடு முழுவதற்கும் பொது. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் வரியைத் தொடவில்லை. 2018-ல் ஏற்றியதை 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில், குடியிருப்பு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் 100 சதவீதம், நடுவே 50, 75 என்று படிப்படியாக. நகராட்சியாகவே இருந்திருந்தாலும் நீங்கள் தப்பியிருக்க மாட்டீர்கள்.

தேர்தலுக்கு முன்பு இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. எந்த அரசு சொல்லியிருக்கிறது?

செம்பாக்கம் வாசகர்: நோட்டா பட்டனே இல்லை. விட்டுப்போச்சா?

விட்டுப்போகவில்லை. இந்தத் தேர்தலில் நோட்டா கிடையாது, ஒப்புகைச் சீட்டு இயந்திரமும் கிடையாது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். விதிகளும் வேறு.

அனகாபுத்தூர் வாசகி: எங்கள் தெருவில் பாதிப் பேர் ஓட்டே போடவில்லை. எல்லா இடத்திலும் இப்படியா?

மாநகராட்சிகளில் பெரும்பாலும் இப்படித்தான். மாநிலம் முழுக்கச் சுமார் 60 சதவீதம் பதிவானது. பேரூராட்சிகள் அதை மேலே இழுத்தன. மாநகராட்சிகள் மட்டும் என்றால் 52 சதவீத அளவு, சென்னையில் 43-ஐ ஒட்டி. கொரோனா மூன்றாம் அலை அப்போதுதான் தணிந்திருந்தது. மாலை 5 முதல் 6 வரை தொற்று உள்ளவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் பழியை அதன் மேல் மட்டும் போட முடியாது. பத்து வருடமாக உள்ளாட்சித் தேர்தலைப் பார்க்காத ஊர், புது வார்டு எண், தெரியாத வேட்பாளர்கள். முதல் தடவை ஓட்டுப் போட்ட பையன்களுக்குக் கவுன்சிலர் என்றால் என்ன வேலை என்பதே தெரியாது.

பெருங்களத்தூர் வாசகர்: என் மகள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கிறாள். அங்கேயும் இப்படி ஊர்களைச் சேர்த்தார்களாம். எப்படிச் செய்தார்கள்?

நல்ல ஒப்பீடு. ஆக்லாந்தில் 2010-ல் எட்டு உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள். முதலில் ஒரு விசாரணை ஆணையம் உட்கார்ந்து 2009-ல் அறிக்கை கொடுத்தது. அப்புறம் மாற்றத்தைக் கவனிக்கத் தனி அமைப்பு. ஓட்டு தபாலில். மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சேர்ந்த இரண்டு நகரங்களின் பழைய மேயர்களான லென் பிரௌனும் ஜான் பேங்க்ஸும் மோதினார்கள். தெற்குப் புறநகரான மனுகாவின் பிரௌன் ஜெயித்தார். நடுநகரத்து ஆள்தான் வருவார் என்று நினைத்தவர்களுக்கு அது அடி. மேயரும் 20 கவுன்சிலர்களும் மேலே, அதற்குக் கீழே 21 உள்ளூர் வாரியங்கள், அவற்றுக்கும் தேர்தல். பூங்கா, நூலகம் மாதிரி பக்கத்து விஷயங்களை அவர்கள் பார்ப்பார்கள். எனக்குப் பொறாமை வருவது இந்த வாரியங்கள் மேல்தான்.

ஆனால் அங்கேயும் எல்லாம் சுகமில்லை. அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கென்று தனி இடங்கள் வேண்டும் என்று ஆணையம் சொன்னதை அரசு ஏற்கவில்லை. பெரிய ஊர்வலம் நடந்தது. கனடாவின் டொரான்டோவில் இன்னும் மோசம். 1997 மார்ச்சில் உள்ளூரில் வாக்கெடுப்பு வைத்தார்கள், முக்கால் பங்கு பேர் இணைப்பு வேண்டாம் என்றார்கள். மாகாண அரசு காதில் வாங்காமல் ஆறு நகராட்சிகளைச் சேர்த்துவிட்டது.

மாடம்பாக்கம் வாசகி: எங்கள் வார்டு பெண்களுக்கானது. ஆனால் புகார் சொல்ல போன் செய்தால் கவுன்சிலரின் கணவர்தான் எடுக்கிறார்.

பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தினார்கள். அதன் பிறகு நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தல் இது. கணவர் பேசினால் நீங்கள் தயங்காமல் "அம்மா இருக்காங்களா, அவங்க கிட்டயே சொல்லிடுறேன்" என்று கேளுங்கள். மன்றக் கூட்டத்துக்குள் கணவர் வர முடியாது. புகாரைக் கவுன்சிலர் பெயருக்கே எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இப்படிச் செய்தால் வீட்டுக்குள்ளே பேச்சு மாறும், நான் பார்த்திருக்கிறேன்.

திருநீர்மலை வாசகர்: மேயர் தூரம், கவுன்சிலர் பெரிய வார்டு. தெருவிளக்குக்கு நான் எங்கே போவது?

மண்டல அலுவலகத்துக்கு. பம்மல், பல்லாவரம், செம்பாக்கம், பெருங்களத்தூர், தாம்பரம் என்று ஐந்து மண்டலங்கள் இருக்கின்றன. தாம்பரத்துக்கே போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

அதை விட முக்கியமாக, பகுதி சபா என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராம சபை மாதிரி நகரத்துக்கு. 2022 ஜூனில் விதிகள் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1-ல் முதல் கூட்டங்கள் நடந்தபோது முதல்வர் வந்து உட்கார்ந்தது பம்மலில். இதில் ஒரு குறை: பகுதியின் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, நியமனம்தான். ஆக்லாந்து வாரியத்தோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. ஆனாலும் அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போகலாம், பேசலாம். அடுத்த கூட்டத் தேதியை மண்டல அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், அது இல்லாமல் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.